நாடாவிலிருந்து ஒளித்தட்டுக்கு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. நம் வீடுகள் பலவற்றில் சித்திரம் இருக்கிறது; அதைத் தாங்கி நிற்கும் சுவர்தான் நாளுக்கு நாள் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் வீடியோ கேசட்டுகளையே சொல்கிறேன். பெற்றோரின் திருமணம், அக்காவின் புதுநன்மை, மதர் அவர்களின் வெள்ளி விழா, பள்ளியின் ஆண்டு விழா நாட்டியங்கள் ஆகிய எல்லாம் அரை அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் உறங்குகின்றன.

வி.எச்.எஸ். என்னும் இவ்வகைக் கேசட்டை ஜப்பானிய நிறுவனமான ஜே.வி.சி. 1976ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. பின்னர் அது உலகெங்கும் பரவிற்று. இன்றோ அதைப் போட்டுப் பார்க்கும் கருவியைப் புதிதாக வாங்க வழியில்லை. கடைசிவரை அதைச் செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவிலும் ஈரத்தால் பூஞ்சை பிடிக்கிறது; காந்தப் பூச்சு மெல்ல மெல்ல வலுவிழக்கிறது. ஆகவே கருவி ஓடும்போதே நாடாவில் உள்ளதை வேறிடத்திற்கு மாற்றிவிட வேண்டும். பலர் நாடுவது டி.வி.டி. என்னும் ஒளித்தட்டை. முதியோர்க்கு அது எளிது. தட்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும். உறவினர்க்கும் ஆளுக்கொன்று எடுத்துக் கொடுக்கலாம்.

ஆனால் எப்படி மாற்றுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதை நான் பட்டறிந்து கற்றேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கேசட்டுகள் இருந்தன. ஒன்று தாத்தா பாட்டியின் பொன்விழாத் திருப்பலி. மற்றது தங்கையின் புதுநன்மை. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். இரண்டையும் ஒரு கடையில் கொடுத்தோம். "எல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிடும், செலவு மிச்சம்" என்றார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சி. தட்டு கைக்கு வந்ததும் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். முகப்பில் பூ வைத்த தலைப்பும், அசையாமல் நின்ற கோவில் கோபுரமும் நன்றாகவே தெரிந்தன. அடுத்த வாரம் வீட்டைச் சுத்தம் செய்தபோது பொன்விழாக் கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். மற்றதைத் தங்கை தன்னுடையது என்று எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து, பாட்டி இறந்தபின், அந்தத் தட்டை முழுவதும் பார்க்க உட்கார்ந்தோம். பாட்டி கையில் மெழுகுவர்த்தி ஏந்திப் பீடத்தை நோக்கி நடந்துவரும் காட்சி வந்தது. மங்கிய வெளிச்சம், அசையும் கூட்டம். பாட்டியின் முகம் சின்னஞ்சிறு சதுரங்களாக உடைந்து உடைந்து நகர்ந்தது. கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. அசல் நாடாவும் போய்விட்டது. அந்த முகம் இனி எங்களுக்கு அவ்வளவுதான்.

பிழை எங்கே நேர்ந்தது? அதை விளக்கவே இக்கட்டுரை.

தட்டு என்னும் பாத்திரம்

ஒளித்தட்டு ஒரு பாத்திரம். அதன் கொள்ளளவு மாறாதது. சாதாரண டி.வி.டி. ஒன்றில் 470 கோடி பைட் அடங்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக 3,760 கோடி பிட். மெகாபிட் கணக்கில் 37,600. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் படம் என்பது பெரும் பசிக்காரன்!

நம் நாட்டில் எடுக்கப்பட்ட வீடியோக்கள் 'பால்' என்னும் முறையைச் சேர்ந்தவை. (காலையில் குடிக்கும் பால் அன்று!) இம்முறையில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. டி.வி.டி.யில் ஒவ்வொரு படமும் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் என்று கொண்டு பெருக்கிப் பாருங்கள். விநாடிக்கு ஏறத்தாழ 124 மெகாபிட் வரும். இதை அப்படியே தட்டில் எழுதினால் ஐந்தே நிமிடத்தில் தட்டு நிறைந்துவிடும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு முப்பத்தாறு தட்டுகள் வேண்டியிருக்கும்.

எனவே சுருக்காமல் முடியாது. சுருக்குவது என்றால் சிலவற்றை விட்டுவிடுவது என்றே பொருள். எதை விடுவது, எவ்வளவு விடுவது என்பதே நாம் செய்யும் தேர்வு.

சுருக்கும் வித்தை

டி.வி.டி.யில் படத்தைச் சுருக்கும் முறைக்கு எம்பெக்-2 என்று பெயர். அது இரண்டு வழிகளில் வேலை செய்கிறது.

முதல் வழி ஒரே படத்திற்குள் சுருக்குவது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் கண்ணுக்குப் பெரிதும் புலனாகும் பகுதியை நன்றாக வைத்துக்கொண்டு, மிக நுண்ணிய வேறுபாடுகளைக் குறைத்துவிடுகிறது. இதற்கு அடிப்படையான கணித முறையைக் கண்டவர் பெங்களூரில் 1940இல் பிறந்த நாசிர் அகமது என்பதை அறிந்தால் நமக்குப் பெருமிதம் தோன்றும். 1972இல் இவ்வாராய்ச்சிக்காக அவர் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் புகைப்படங்கள் பெரும்பாலும் அம்முறையாலேயே சுருக்கப்படுகின்றன. உதவி மறுக்கப்பட்ட ஒரு சிந்தனை உலகம் முழுவதும் பயன்படுவதைப் பாருங்கள்!

இரண்டாம் வழி படத்துக்கும் படத்துக்கும் இடையே சுருக்குவது. தலைமை விருந்தினர் மேடையில் நின்று பேசுகிறார். பின்னால் தொங்கும் திரை மாறவில்லை, மேசை மாறவில்லை, அவர் வாயும் கையும் மட்டுமே அசைகின்றன. ஒவ்வொரு படத்திலும் திரையை மீண்டும் மீண்டும் எழுதுவானேன்? ஆகவே ஒரு படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அதை அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் எழுதுகிறது. பால் முறை டி.வி.டி.யில் 15 படங்களுக்கு ஒரு முறையாவது முழுப்படம் வந்தாக வேண்டும் என்பது விதி.

இதிலிருந்தே ஓர் உண்மை விளங்கும். பேச்சுக்குக் குறைந்த இடம் போதும். கோலாட்டத்துக்கு மிகுந்த இடம் வேண்டும். ஏனெனில் கோலாட்டத்தில் எல்லாமே மாறுகிறது. இடம் போதாதபோது கருவி என்ன செய்யும்? ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள நுட்பத்தை மேலும் மேலும் விட்டுவிடும். முடிவில் சதுரத்தின் ஓரம் மட்டுமே மிஞ்சும். பாட்டியின் முகத்தில் நாங்கள் கண்டது அச்சதுரங்களையே.

அறுநூறை வகுத்தல்

இனிக் கணக்குக்கு வருவோம். எட்டாம் வகுப்பு மாணவியும் இதைப் போடலாம்.

தட்டில் 37,600 மெகாபிட் என்றோம். பட்டியல், இதர குறிப்புகள் ஆகியவற்றுக்குச் சிறிது ஒதுக்கினால் 36,000 மிஞ்சும். ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. ஆகவே 36,000ஐ 60ஆல் வகுத்தால் 600. இந்த அறுநூறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி எத்தனை நிமிடமோ, அந்த எண்ணால் 600ஐ வகுத்தால் விநாடிக்கு எத்தனை மெகாபிட் செலவிடலாம் என்பது கிடைத்துவிடும். அதில் ஒலிக்கு 0.2 கழித்துவிட்டால் மீதி படத்துக்கு.

இரண்டு மணி நேரம், அதாவது 120 நிமிடம்: 600ஐ 120ஆல் வகுக்க 5. ஒலி போகப் படத்துக்கு 4.8. இது நல்ல அளவு. ஒன்றரை மணி நேரமானால் 6.4. இது மிக நல்லது. மூன்று மணி நேரமானால் 3.1 மட்டுமே, அசைவு மிகுந்த இடங்களில் படம் தளர்ந்துபோகும். எங்கள் வீட்டுத் தட்டில் ஆறு மணி நேரம், அதாவது 360 நிமிடம். ஒலியும் சேர்த்தே 1.67. முன்னாளில் வந்த வி.சி.டி. தட்டுகளில் படத்துக்கு 1.15 மெகாபிட் இருந்தது. ஆனால் அதன் படத்தில் இருந்த புள்ளிகள் டி.வி.டி. படத்தில் உள்ளவற்றில் நாலில் ஒரு பங்குதான். நாங்கள் கொடுத்ததோ, நால்வருக்கு ஒருவர் சோறு!

ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேர் பசியாறியது ஆண்டவர் செய்த புதுமை. கணினி அதைச் செய்யாது. அதனிடம் கொடுத்ததை அது பங்கிடும், அவ்வளவே.

நிகழ்ச்சி ஒரு மணி நேரம்தான் என்றால் கணக்குப்படி 10 வரும். ஆனால் அவ்வளவும் கொடுக்கலாகாது. டி.வி.டி.யில் படத்துக்கு உச்ச வரம்பு 9.8. வீட்டில் பதிந்த தட்டுகளை அந்த உச்சத்தில் ஓட்டும்போது சில கருவிகள் திக்கித் திணறும். 8க்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

மூன்று மணி நேரக் கேசட்டை என்ன செய்வது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அதை இரண்டு தட்டுகளில் பிரித்துப் பதிவது. ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம். செலவு ஒரு தட்டின் விலைதான் கூடும்.

இரண்டாவது, குறுக்கே 720 புள்ளிக்குப் பதிலாக 352 புள்ளி என்று தேர்ந்தெடுப்பது. நெடுக்கே அதே 576. இதுவும் டி.வி.டி. விதிக்கு உட்பட்டதே. பாதியை விட்டுவிடுகிறோமே என்று அஞ்ச வேண்டாம். வி.எச்.எஸ். நாடா குறுக்கே தெளிவாகக் காட்டக்கூடியதே ஏறத்தாழ 240 கோடுகள்தான். இல்லாத நுட்பத்துக்கு இடம் ஒதுக்குவதில் பயனில்லை. இந்த அளவில் 3.1 மெகாபிட் தாராளமாகவே போதும். ஆனால் கைப்பேசியிலோ புதிய கேமராவிலோ எடுத்த தெளிவான படத்துக்கு இவ்வழி ஆகாது.

எண்ணிப் பார்த்துப் பரிமாறுதல்

எல்லா விநாடிக்கும் ஒரே அளவாகக் கொடுப்பது ஒரு முறை. தேவைக்கேற்ப மாற்றி மாற்றிக் கொடுப்பது மற்றொரு முறை. இரண்டாவதில் 'இருமுறை ஓட்டம்' என்று ஒரு தேர்வு இருக்கும். முதல் ஓட்டத்தில் கணினி படம் முழுவதையும் பார்த்து, எங்கே பேச்சு, எங்கே கோலாட்டம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்தில் அதற்கேற்பப் பங்கிடும். பந்தியில் எத்தனை பேர், யார் குழந்தை, யார் உழைத்துக் களைத்தவர் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பரிமாறும் தாயைப் போன்றது இது. நேரம் இரு மடங்கு ஆகும். தட்டில் இடம் நெருக்கடியாக இருக்கும்போது இம்முறையே சிறந்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு இது தேவையில்லை. எல்லார்க்கும் வயிறு நிறையச் சோறு இருக்கிறதே!

ஒலிக்கும் ஒரு சொல். ஒலியைச் சுருக்காமல் வைத்தால் விநாடிக்கு 1.5 மெகாபிட் விழுங்கிவிடும். இரண்டு மணி நேரத் தட்டில் இது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு. டால்பி டிஜிட்டல் முறையில் 192 கிலோபிட் என்று வைத்தால் கேசட்டின் பேச்சும் பாட்டும் நன்றாகவே கேட்கும். பாடற்குழுவின் கச்சேரி மட்டும் அடங்கிய ஒரு மணி நேரத் தட்டானால், அப்போது சுருக்காத ஒலியைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்று சிறு பொறிகள்

அளவு சரியாக இருந்தும் படம் கெடுவதுண்டு. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, நெட்டை குட்டை. பழைய கேசட்டின் படம் நாலுக்கு மூன்று என்னும் வடிவம் உடையது. புதிய தொலைக்காட்சி அகலமாக இருக்கிறதே என்று பதினாறுக்கு ஒன்பது என்று தேர்ந்தெடுத்தால், மணமகளும் குருவானவரும் குட்டையாய்ப் பருத்துத் தோன்றுவார்கள். இரு பக்கமும் கறுப்பாக இருந்தாலும் பாதகமில்லை. நாலுக்கு மூன்றையே வையுங்கள்.

இரண்டு, வரி மாற்றம். கேசட்டின் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படங்களால் ஆனது. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் மறு கணம். விநாடிக்கு 25 படம் என்றாலும், அசைவு 50 முறை பதிவாகியிருக்கிறது. கணினித் திரையில் அசையும் கைகளின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரிவது இதனால்தான். அதைக் கண்டு பயந்து வரிகளை ஒன்றாக்கிவிடாதீர்கள்; அசைவின் வழவழப்புப் போய்விடும். தொலைக்காட்சி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் எந்த அரைப்படம் முதலில் என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால், நடனமாடும் பெண்கள் முன்னும் பின்னுமாக உதறுவார்கள்.

மூன்று, நாடாவின் இரைச்சல். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் துள்ளும். கணினிக்கு அது மணலா, மாந்தரா என்று தெரியாது. துள்ளும் ஒவ்வொரு புள்ளியையும் மாற்றமாகக் கருதி இடத்தைச் செலவிடும். இரைச்சலை அளவாகக் குறைக்கும் தேர்வு இருந்தால் பயன்படுத்துங்கள். அளவு மீறினால் முகங்கள் மெழுகுப் பொம்மைகள் ஆகிவிடும்.

இவற்றைச் சோதிக்க எளிய வழி உண்டு. அழித்து எழுதக்கூடிய தட்டு ஒன்றை வாங்குங்கள். நிகழ்ச்சியில் மிக வேகமான ஒரு நிமிடத்தையும், மிக மங்கலான ஒரு நிமிடத்தையும் மட்டும் எடுத்து, முழு நிகழ்ச்சிக்கு உரிய அளவிலேயே பதிந்து, தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டும் நன்றாக இருந்தால் மற்றவை தாமே நன்றாக இருக்கும். நாங்கள் செய்த தவறு இதுவே: அசையாத கோபுரத்தைப் பார்த்து மகிழ்ந்தோம், அசையும் முகத்தைப் பார்க்கவில்லை.

பதிந்த பின்

ஒளித்தட்டும் நிலையானதன்று. வீட்டில் பதியும் தட்டில் எழுத்து ஒரு சாயத்தில்தான் பதிகிறது. வெயிலும் வெப்பமும் அதற்குப் பகை. உறையிலிட்டு, நிமிர்த்தி, நிழலில் வையுங்கள். மேற்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். நாடாவிலிருந்து முதலில் கணினிக்கு ஏற்றிய பெரிய கோப்பை, தட்டுக்காகச் சுருக்குமுன், தனி ஹார்டு டிஸ்க்கில் சேமித்து வையுங்கள். சுருக்கியதை மீண்டும் விரிக்க முடியாது, விட்டது விட்டதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டு கிடைத்துவிட்டது என்பதற்காக நாடாவை எறிந்துவிடாதீர்கள். தங்கை ஒளித்து வைத்த கேசட்டை மீண்டும் இரண்டு தட்டுகளில் மாற்றினோம். வெள்ளை உடையில் அவள் மெழுகுவர்த்தியுடன் நடந்துவருகிறாள். அவளுக்குப் பின்னால், கூட்டத்தின் ஓரத்தில், பாட்டி கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார். சில விநாடிகள்தான். ஆனால் முகம் தெளிவாகத் தெரிகிறது.

அன்று ஐயாயிரம் பேர் உண்ட பின்பும் எஞ்சிய அப்பத் துண்டுகள் வீசப்படவில்லை. பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கப்பட்டன. மாணவிகளே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். எத்தனை கேசட், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அறுநூறை வகுத்துப் பாருங்கள். பெற்றோர் கடைக்குக் கொண்டு செல்வதானால் அத்தாளையும் உடன் கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் இன்று போடும் அந்தச் சிறு கணக்கினால், நாளை உங்கள் பிள்ளைகள் தங்கள் கொள்ளுப் பாட்டியின் முகத்தைக் காண்பார்கள்.